அத்தோ, கக்கூஸ், லுங்கி: யார் கையிலிருந்து யார் கைக்கு?

கேட்டவர் தண்டையார்பேட்டையில் வளர்ந்தவர், இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறார். வாயைத் திறந்தாலே ஆபீசில் சிரிக்கிறார்களாம், "உன் பேச்சுல பாதி தமிழே இல்லையே" என்று. அவர் கேட்டிருப்பது நான்கு விஷயம். கக்கூஸ் டச்சுக்காரன் சொல் என்று தாத்தா சொல்வார், உண்மையா? பீச் ஸ்டேஷன் பக்கம் சாப்பிடுகிற அத்தோவுக்கு என்ன அர்த்தம்? இங்கிலீஷில் 'கேஷ்' என்பது நம்ம காசுதான் என்று உறவினர் ஒருவர் வாட்ஸப்பில் அனுப்பினாராம், அப்படியா? ஜன்னல், சாவி இதற்கெல்லாம் தமிழில் சொல் இருந்தும் ஏன் வெளியிலிருந்து எடுத்தோம்?

நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரன், அம்மாவைப் பெற்ற பாட்டி ரங்கூனில் பிறந்தவர், அதனால் இந்த விவகாரத்தில் எனக்குக் கொஞ்சம் சொந்த அக்கறையும் உண்டு. கேள்விகளின் வரிசையில் போகாமல் அத்தோவிலிருந்தே ஆரம்பிக்கிறேன், அதுதான் இன்னமும் கண்ணெதிரே நடந்துகொண்டிருக்கிறது.

சாயங்காலம் பீச் ஸ்டேஷனில் இறங்கி செகண்ட் லைன் பீச் பக்கம் போனால் வண்டிகள் வரிசையாக நிற்கும். ஆரஞ்சு நிறத்தில் அவித்த நூடுல்ஸ் ஒரு குவியல், பக்கத்தில் தலைமுடி மாதிரி சீவிய முட்டைகோஸ், வெங்காயம். கடைக்காரர் இரண்டையும் ஒரு பிடி அள்ளிக் கிண்ணத்தில் போட்டு, புளித்தண்ணீர் ஊற்றி, பூண்டு பொரித்த எண்ணெய் ஒரு கரண்டி, வறுத்த மிளகாய்த்தூள், உப்பு என்று கை பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும், கடைசியில் தட்டை மாதிரி இருக்கிற பேஜோ ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து நொறுக்கித் தூவிவிட்டு, விரல்களால் ஒரே பிசை. அந்தப் பிசைதான் பெயர். பர்மிய மொழியில் 'தோக்' என்றால் பிசைந்து கலப்பது, முன்னால் ஓர் 'அ' போட்டால் பிசைந்து கலந்த பண்டம். அந்தக் கடைசி 'க்' இங்கிலீஷில் எழுதும்போது போடுவது, அவர்கள் பேச்சில் அது தொண்டையோடு சட்டென்று நின்றுவிடும். அந்த நிறுத்தம் தமிழ்க் காதுக்குக் கேட்காது, நாமும் அத்தோ என்றே விட்டுவிட்டோம். அதாவது நாம் பெயர் என்று நினைப்பது உண்மையில் 'பிசைஞ்சது' என்பதுதான். எதைப் பிசைந்தது என்கிற பாதி கடலில் விழுந்துவிட்டது. அங்கே போய் வெறுமனே அத்தோ கேட்டால் எந்த அத்தோ என்று திருப்பிக் கேட்பார்கள், தேயிலையைப் பிசைவதும் உண்டு, இஞ்சியைப் பிசைவதும் உண்டு.

பேஜோவும் அப்படித்தான். 'பே' பருப்பு, 'ஜோ' பொரித்தது. அங்கே அது பருப்பு நிறைய வைத்துப் பொரிக்கிற பலகாரம். நம் வண்டிகள் பலவற்றில் பருப்பு பேருக்குத்தான் இருக்கிறது. சும்மா கொடுக்கிற வாழைத்தண்டு சூப் எங்கிருந்து வந்தது என்றால், அது மொயிங்காவின் மிச்சம். பர்மாவில் மொயிங்கா என்பது மீனை மசித்துக் கொதிக்கவைத்து, வாழைத்தண்டு போட்டு, அரிசி சேமியாவோடு காலையில் சாப்பிடுகிற குழம்பு. இங்கே வந்தபோது பல வண்டிகளில் மீன் கழன்றுபோனது, வாழைத்தண்டு நின்றது. அத்தோவில் சேரவேண்டிய மீன்சாறு, கருவாட்டு இறால்பொடி, வறுத்த கடலைமாவு இதெல்லாமும் பெரும்பாலும் கழன்றுவிட்டது. நம் நாக்குக்கு ஏற்கெனவே பழகியிருந்த புளி, பூண்டு, மிளகாய் மட்டும் இடம் மாறாமல் அப்படியே உட்கார்ந்தது. பாட்டி கடைசிவரை வண்டிக்கடை அத்தோவை அத்தோ என்று ஒத்துக்கொள்ளவே இல்லை, "இது கோஸு பொரியல்டா" என்பார், ஆனால் வாங்கி வரச் சொன்னதும் அவர்தான்.

இது எப்படி வந்தது என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள், தமிழும் தெலுங்கும் அங்கே தெருமொழி. 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது ஒரு கூட்டம் காடு மலை வழியாக நடந்தே வந்தது. 1962இல் ராணுவ ஆட்சி, 1964இல் கடைகண்ணிகளை அரசே எடுத்துக்கொண்டது, அதோடு பெரிய கூட்டம் கப்பலேறிச் சென்னையில் இறங்கியது. வியாசர்பாடியில் வீடு, கடற்கரை ஸ்டேஷன் ஓரம் பர்மா பஜார். கையில் பணம் கொண்டுவர விடவில்லை, தெரிந்த சமையலையும் தெரிந்த வியாபாரத்தையும் யாராலும் பிடுங்க முடியவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவது எல்லாமே இதிலிருந்துதான். பக்கத்துப் பண்பாடு என்றதும் நிலத்தில் பக்கத்தில் இருப்பதைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். துறைமுகத்துக்கு அப்படிக் கிடையாது. நேராகக் கப்பல் போகிற ஊர் எதுவோ அதுதான் அதற்குப் பக்கத்து வீடு. ஒரு காலத்தில் ராயபுரத்துக்காரனுக்கு ரங்கூனில் சொந்தக்காரன் இருந்திருப்பான், சேலத்தில் ஒரு முகவரிகூட இருந்திருக்காது. அப்புறம், சொல் தானாக நடந்து வருவதில்லை. யாரோ ஒருவர் ஒரு பொருளை இன்னொருவர் கையில் கொடுத்து, இதன் பேர் இது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த இரண்டு கைகளையும் கண்டுபிடித்தால் பாதி விவகாரம் தீர்ந்தது. காட்ட முடியவில்லை என்றால் ஒலி எவ்வளவு ஒத்துப்போனாலும் நான் நம்பமாட்டேன்.

சரி, கக்கூஸ். உங்கள் தாத்தா சொன்னது சரிதான். டச்சு மொழியில் 'காக்' மலம், 'ஹொய்ஸ்' வீடு, சேர்த்துச் சொன்னால் ஏறக்குறைய நம் சொல்தான். ஒலியை மட்டும் வைத்து நம்பவேண்டாம் என்று இப்போதுதான் சொன்னேன், அதனால் சாட்சியும் சொல்கிறேன். இலங்கைக்குப் போங்கள், சிங்களத்தில் கக்குஸ்ஸிய. இந்தோனேசியாவுக்குப் போங்கள், காகுஸ். தமிழ், சிங்களம், இந்தோனேசியம் மூன்றும் ஒன்றுக்கொன்று ஒட்டோ உறவோ இல்லாத மொழிகள், அந்த மூன்று கரையிலும் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்தவன் டச்சுக்காரன். நமக்கு அவன் உட்கார்ந்த இடம் வெகுதூரம் இல்லை, பொன்னேரி தாண்டி பழவேற்காடு. 1613இல் அங்கே கெல்ட்ரியா என்று ஒரு கோட்டை கட்டினார்கள், 1690இல் நாகப்பட்டினத்துக்குத் தலைமையிடத்தை மாற்றும்வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் அதுதான் அவர்களுடைய தலைமை. சென்னை என்று நாம் சொல்லுகிற ஊரில் ஆங்கிலேயன் நிலம் வாங்கியது 1639இல்தான், அதற்கு முன்பே அங்கே டச்சு நாணயச்சாலை வரை வந்துவிட்டது. கோட்டை இருந்த இடத்தில் இன்று புதர்தான். கல்லறைத் தோட்டத்து வாசலில் மட்டும் எலும்புக்கூடு செதுக்கியிருப்பார்கள், பிள்ளைகளைக் கூட்டிப்போனால் ராத்திரி தூங்கமாட்டார்கள்.

துட்டும் அந்த வழிதான், டச்சுக்காரனின் சின்னச் செப்புக்காசுக்கு 'டொய்ட்' என்று பேர். "துட்டு இருக்கா நைனா" என்பதில் ஒரு டச்சுச் சொல்லும் ஒரு தெலுங்குச் சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன, நடுவில் இருக்கிற 'இருக்கா' நம்முடையது. வாக்கியத்தை நடத்துவது அதுதான், வந்தவர்கள் இரண்டு பேரும் அது சொல்கிறபடி உட்கார்ந்துகொள்கிறார்கள். பேச்சில் பாதி தமிழே இல்லை என்று சொன்னவருக்கு இதை முதலில் சொல்லுங்கள்.

அடுத்தது ஜன்னலும் சாவியும். இது போர்ச்சுகீசியர் வழி. அவர்கள் டச்சுக்காரருக்கும் முன்னால், 1520களிலேயே சாந்தோமில் குடியேறிவிட்டார்கள். இங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளை பெற்று, வீடு கட்டி, சமையலுக்கு ஆள் வைத்து வாழ்ந்தார்கள், அதனால் அவர்கள் விட்டுப்போனதில் பெரும்பாதி வீட்டுச் சாமான் சொற்கள். ஜனேலா ஜன்னல் ஆனது, சாவே சாவி, மெசா மேசை, அர்மாரியோ அலமாரி, பொத்தாவ் பொத்தான், துவால்யா துவாலை, பீப்பா பீப்பாய், அயா ஆயா. பாதிரியும் மேஸ்திரியும் அவர்கள் ஆட்கள்தான். ஜன்னலை வைத்துக் கொடுப்பது மேஸ்திரி வேலை, இரண்டு சொல்லும் ஒரே கப்பலில் வந்தவை என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் பிடிக்கும். அந்த மொழிக்குக் கரையில் எவ்வளவு செல்வாக்கு என்றால், 1698இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த சாசனத்தில், இங்கே வருகிற பாதிரிமார் ஒரு வருடத்துக்குள் போர்ச்சுகீசியம் படித்துக்கொள்ள வேண்டும் என்றே எழுதியிருந்தார்கள். வந்தவன் இங்கிலீஷ்காரன், படிக்கச் சொன்னது போர்ச்சுகீசியம், காரணம் அதுதான் துறைமுகத்தின் பொதுப்பேச்சு.

தமிழில் சொல் இருந்ததே என்கிறீர்கள். இருந்தது, சாளரம், பலகணி, காலதர், திறவுகோல் எல்லாம் இருந்தது. ஆனால் அவை வேறு பொருளின் பெயர்கள் என்று எனக்குப் படுகிறது. காலதர் என்றால் காற்று வரும் வழி, சுவரில் விட்ட துளை. கதவு மாதிரி மரச்சட்டத்தில் கீல் வைத்துத் திறந்து மூடுகிற ஒன்றைப் புதிதாகப் பார்த்தவன் அதைச் செய்தவனிடமே பேர் கேட்டிருப்பான். திறவுகோல் என்ற சொல்லிலேயே கோல் இருக்கிறது பாருங்கள், முழ நீளத்துக்கு இருந்தது அது. இடுப்பில் செருகுகிற அளவுக்குச் சிறுத்து வந்ததும் பேரும் வந்துவிட்டது. கோயில்களில் இன்றும் முழ நீளத்தில் திறவுகோல் பார்க்கலாம், அதையும் நாம் சாவி என்றுதான் சொல்கிறோம், அது வேறு கதை.

இதற்கு நேர் எதிராகவும் நடக்கும், அதைச் சொல்லாமல் விட்டால் படம் கோணலாகிவிடும். மிளகாயை இந்தப் பக்கம் கொண்டுவந்ததும் அதே போர்ச்சுகீசியர்தான், அமெரிக்கக் கண்டத்துப் பயிர் அது. பொருள் வந்தது, பேர் வரவில்லை. நம் அடுப்படியில் காரத்துக்கு ஏற்கெனவே மிளகு இருந்ததால் மிளகு மாதிரி எரிக்கிற காய் என்று நாமே பேர் வைத்து, மிளகின் இடத்தையே அதற்குக் கொடுத்துவிட்டோம். அன்னாசியும் கொய்யாவும் அதே கண்டத்திலிருந்து அதே கப்பலில் வந்து பேரையும் கூடவே கொண்டுவந்தன, அவற்றைப் போய் எதன் இடத்தில் வைப்பது? புதுப் பொருள் வந்து பழைய பொருளின் நாற்காலியில் உட்கார்ந்தால் பழைய பேரைத் தட்டி நிமிர்த்திக் கொடுத்துவிடுவோம், உட்கார நாற்காலியே இல்லை என்றால் வந்த பேரோடு உள்ளே விடுவோம் என்பது என் கணக்கு. எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று சத்தியம் செய்யமாட்டேன்.

ஏலம் என்கிற சொல்லைப் பற்றியும் இரண்டு வரி. விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போயிருப்பீர்கள், கூடைக் கூடையாக வஞ்சிரமும் சங்கராவும் தரையில் கொட்டிக்கிடக்க, ஒரு அக்கா நடுவில் நின்று விலையை ஏற்றிக்கொண்டே போவார், சுற்றி நிற்பவர்கள் பாதிப் பேர் கண்ணாலேயே கேட்பார்கள். அந்த ஏலம் போர்ச்சுகீசிய 'லெய்லாவ்', அவர்களுக்கு அது அரபியிலிருந்து வந்தது, அரபியில் அறிவிப்பு என்று அர்த்தம். அரபிக்காரன், போர்ச்சுகீசியன், தமிழன் என்று மூன்று கை மாறியும் சத்தம் போட்டு அறிவிக்கிற வேலை மட்டும் மாறவே இல்லை. கூடையில் இருக்கிற வஞ்சிரத்தைத் தூத்துக்குடியில் சீலா என்பார்கள், குமரியில் நெய்மீன். நமக்கு மட்டும் ஏன் வஞ்சிரம் என்றால், ஆந்திரக் கரையிலும் அது வஞ்சரம்தான், வட சென்னை மீன்காரருக்கு நெல்லூர் பக்கம், குமரி தூரம்.

இனி கேஷ். இதில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். ரொக்கம் என்கிற பொருளில் இங்கிலீஷ்காரன் சொல்லுகிற கேஷ் நம் காசு இல்லை. அது பிரெஞ்சு, இத்தாலியப் பக்கமிருந்து வந்த, பணப்பெட்டி என்று பொருள்படுகிற சொல். ஆனால் அதே எழுத்துக்கூட்டலில் இன்னொரு கேஷ் இருந்தது, கம்பெனி காலத்து மெட்ராசின் சின்னச் செப்புக்காசு, அது சாட்சாத் நம்ம காசு, போர்ச்சுகீசிய வாய் வழியாக இங்கிலீஷுக்குப் போனது. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று மெட்ராஸ் கணக்கு நடந்தது. ஆக, உறவினர் வாட்ஸப்பில் அனுப்பியது பாதி உண்மை, ஆனால் அவர் நினைத்த பாதி அல்ல.

அதே உறவினர்தான் ஆரஞ்சுக்கு ஆறு சுளை, அஞ்சு சுளை என்று விளக்கம் அனுப்புவார். உண்மைக் கதை அதைவிட நன்றாக இருக்கிறது. நார்த்தங்காயின் நாரம் வடமொழிக்குப் போய் நாரங்கமாகி, பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ்ச், ஸ்பெயினில் நாரன்ஹா, அப்படியே ஐரோப்பாவில் நடந்து நடந்து முன்னால் இருந்த 'ந'வைத் தொலைத்துவிட்டு ஆரஞ்சாகத் திரும்பி வந்தது. நார்த்தங்காய் ஊறுகாயும் ஆரஞ்சு ஜூஸும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒருத்தன் ஊரிலேயே இருந்தான், ஒருத்தன் உலகம் சுற்றி வந்தான்.

இப்படித் திரும்பி வந்தவர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது குடோன். மண்ணடியில், தங்கசாலையில் லோடு இறக்குகிறவர் யாரையும் கேளுங்கள், சரக்கு எங்கே என்றால் "குடோன்ல கீது" என்பார். அரசாங்கப் பலகையில் அதையே சேமிப்புக் கிடங்கு என்று எழுதியிருப்பார்கள். பலகைக்காரர் சுத்தத் தமிழ், லோடுமேன் கலப்படத் தமிழ் என்று நாம் முடிவு கட்டிவிடுவோம். ஆனால் அகராதிக்காரர்கள் பெரும்பாலும் சொல்லுகிற வரலாறு என்னவென்றால், கிடங்கு இங்கிருந்து வணிகர்களோடு மலாய்க் கரைக்குப் போய் 'குடாங்' ஆனது, அங்கிருந்து போர்ச்சுகீசியர் வழியாக இங்கிலீஷில் 'கோடௌன்' ஆனது, கம்பெனிக்காரன் அதை மறுபடி ஜார்ஜ் டவுனில் இறக்கிவைத்தான். பலகையில் இருப்பதும் லோடுமேன் வாயில் இருப்பதும் ஒரே சொல், ஒன்று மட்டும் கடல் தாண்டிப் போய்வந்த அழுக்கோடு இருக்கிறது.

மலாய்க்காரர்களிடம் நம் சாமான் இன்னும் நிறையக் கிடக்கிறது. கடை அவர்களுக்கு 'கெடாய்', பெட்டி 'பெத்தி', கட்டில் 'காத்தில்', முதலீடு செய்கிற முதல் 'மொடால்'. கப்பல் 'காப்பால்', விமானம் வந்தபோது அதற்குப் 'பறக்கும் கப்பல்' என்று அதிலிருந்தே பேர் வைத்துக்கொண்டார்கள். என்ன மாதிரிச் சொற்கள் என்று பாருங்கள், எல்லாம் வியாபாரி ஒருவன் கரையில் இறங்கிக் கடை போட்டு, பெட்டியைத் திறந்து, ராத்திரி கட்டிலைப் போட்டுப் படுக்கிற சொற்கள். போர்ச்சுகீசியன் நமக்குக் கொடுத்தது வீட்டுச் சாமான், நாம் மலாய்க்காரருக்குக் கொடுத்தது கடைச் சாமான். கொடுத்த கை என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும். கட்டுமரத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், ஆனால் வெளிநாட்டில் இன்று கட்டமரான் என்று விற்பது இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகு. மரங்களைக் கட்டி மேலே உட்கார்ந்து போகிற நம் கட்டுமரத்துக்கு ஒரு உடல்கூடக் கிடையாது. பேர் மட்டும் போய் வேறு யாரோ மேல் ஏறிக்கொண்டது. இங்கேயோ பேர் மிச்சம், பொருள் போய்க்கொண்டிருக்கிறது, காசிமேட்டில் இப்போது பெரும்பாலும் ஃபைபர்தான்.

நடுவில் ஒன்று, திருவொற்றியூர் போகிற வழியில் காலாடிப்பேட்டை இருக்கிறதே, அது 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த காலெட் துணி நெய்கிறவர்களுக்காக ஏற்படுத்திய பேட்டை. காலெட் பேட்டை என்று சொல்ல வராமல் தெரிந்த சொல் ஒன்றைப் பிடித்துப் போட்டுக்கொண்டார்கள். வெளிச்சொல்லை வாங்கும்போது நாம் சும்மா வாங்குவதில்லை, நம் வாய்க்குத் தெரிந்த ஏதோ ஒன்றின் சட்டையை மாட்டிவிடுவோம். ஒரு கவர்னருக்கு ஊர்சுற்றி என்று பேர் வாங்கிக் கொடுத்தது வேண்டுமென்றே செய்ததா என்பது அந்தக் காலத்து ஆட்களுக்கே வெளிச்சம்.

உங்கள் ஆபீஸ் சிரிப்புக்கு வருகிறேன். அவர்கள் சிரிப்பது எந்தச் சொற்களுக்கு என்று ஊகிக்க முடிகிறது. நாஸ்தா, பேஜார், பேமானி, கலீஜ், உஷார், ஜல்தி, சோக்கு, இப்படித்தானே? இவை எல்லாம் உருது வழி வந்தவை. பேஜார் அங்கே 'பேஜார்'தான், சலித்துப்போனவன் என்று அர்த்தம், அதிகம் மாறவில்லை. பேமானி, 'பே ஈமான்', நம்பிக்கை கெட்டவன், நேர்மை இல்லாதவன். கலீஜ் 'கலீஸ்', அசுத்தம். நவாப் படையில் இருந்தவன், குதிரை பார்த்தவன், திருவல்லிக்கேணியிலும் மண்ணடியிலும் தோல் வியாபாரம் பார்த்தவன், அவனோடு வண்டி இழுத்தவன், மூட்டை தூக்கியவன் என்று கை மாறி வந்தவை. அதே உருது, பாரசீகப் பக்கமிருந்து கச்சேரி, அதாவது அந்தக் காலத்து அரசாங்க ஆபீஸ் வழியாக வந்த சொற்களும் உண்டு, தாசில்தார், வசூல், ஜமாபந்தி, தாக்கல், மனுவை ரத்து செய்கிற அந்த ரத்து. இவற்றுக்கு யாராவது சிரிக்கிறார்களா? கலெக்டர் ஆபீஸ் கையால் கொடுத்தால் அது நிர்வாகத் தமிழ், கூலிக்காரன் கையால் கொடுத்தால் அது கொச்சை. சொல் எந்த ஊர் என்பதை யாரும் பார்ப்பதில்லை, எந்தக் கை என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

இன்னொரு உதாரணம் சொன்னால் உங்களுக்கு ஆபீசில் உபயோகப்படும். கஸ்மாலம். வட சென்னை வசவுகளிலேயே ஊர் ஊராகப் பேர்போனது. அது சமஸ்கிருத கச்மலம், அழுக்கு, மனச்சோர்வு. பகவத்கீதை இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் அர்ச்சுனனைப் பார்த்து முதல் வாயாகக் கேட்பதே "குதஸ்த்வா கச்மலமிதம்" என்றுதான், இந்தக் கஸ்மாலம் உனக்கு எங்கிருந்துடா வந்தது என்று. குழாயடியில் சண்டை போடுகிற அக்கா கீதை படித்திருக்கமாட்டார், ஆனால் கண்ணன் எந்தத் தொனியில் கேட்டாரோ ஏறக்குறைய அதே தொனியில்தான் கேட்கிறார். சிரிக்கிற நண்பர் உட்கார்ந்திருக்கிற மேசை, பக்கத்து ஜன்னல், அவர் பூட்டி வைக்கிற அலமாரி, அதன் சாவி எல்லாமே போர்ச்சுகீசியம் என்பதையும் அப்படியே சொல்லிவையுங்கள். சொன்ன பிறகு அவர் கோபித்துக்கொண்டால் நான் பொறுப்பல்ல.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று, லுங்கி. பழவேற்காட்டில் டச்சுக்காரன் என்ன வாங்கினான் என்று மேலே சொல்லவில்லை. துணி. மலுக்குத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வைத்திருந்தவர்கள் வெள்ளிக்காசைவிடச் சோழமண்டலத் துணியைத்தான் விரும்பிக் கேட்டார்கள், அதனால் இங்கே துணி வாங்கி, அங்கே கொண்டுபோய் வாசனைச் சரக்கு வாங்கி, அதை ஐரோப்பாவில் விற்பது அவனுடைய வியாபாரம். அதே கப்பல்களில் பஞ்சத்தில் அடிபட்ட நம் ஆட்களையும் அடிமைகளாக பத்தாவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு ஏற்றினான், அதை மறைத்துவிட்டுத் துணிக்கதையை மட்டும் அழகாகச் சொல்லக்கூடாது. அந்தத் துணியில் கட்டம் போட்டது ஒரு வகை. மலாய்க்காரர் இன்றும் ஆண்கள் இடுப்பில் கட்டுகிற கட்டம்போட்ட துணியை 'காயின் பெலேக்காட்' என்கிறார்கள். காயின் துணி, பெலேக்காட் நம் பழவேற்காடு. அங்கே எத்தனையோ ஆண்கள் நம் பக்கத்து ஊரின் பேரைச் சொல்லித்தான் உடுத்துகிறார்கள், நமக்கோ பழவேற்காடு என்றால் நண்டும் ஏரியும்தான். நாம் அதே துணிக்கு வடக்கேயிருந்து வந்த லுங்கி என்ற பேரை வைத்துக்கொண்டோம், மண்ணடியில் கைலி என்பார்கள், நெல்லைப் பக்கமும் யாழ்ப்பாணத்திலும் சாரம், அந்தச் சாரம் மலாய்க்காரரின் 'சாருங்'. துணியை நாம் அனுப்பினோம், அவர்கள் பேரை அனுப்பினார்கள்.

மூன்று வருடம் முன்னால் மலேசியாவில் கிள்ளானில் வேலை செய்கிற என் மச்சான் லீவுக்கு வந்தபோது அம்மாவுக்கு பிஸ்கட் டப்பா, எனக்குப் பளபளவென்று அட்டைப்பெட்டியில் ஒரு லுங்கி. பெட்டிமேல் காயின் பெலேக்காட் என்று பெரிதாகப் போட்டிருந்தது, நான் அவனை உட்காரவைத்து டச்சுக்காரன், பழவேற்காடு என்று மேலே எழுதியதை எல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா துணியைப் பிரித்து, கரையை விரலால் தடவிப் பார்த்து, வெளிச்சத்தில் ஒருமுறை தூக்கிப் பிடித்துவிட்டுச் சொன்னார், "குடியாத்தம் லுங்கி மாதிரிதானே கீது, இதை எதுக்குடா பிளேன்ல தூக்கினு வந்தே?"